மருமகனின் முக்கோண இஞ்சின்

என் மருமகன் மூன்று மாத வேலையாகச் சரவாக் புறப்பட்டபோது மகளை என்னிடம் ஒப்படைக்கவில்லை. காரைத்தான் ஒப்படைத்தார். மகளுக்கு ஆட்டோ கியர் வண்டிதான் ஓட்டத் தெரியும். இது கிளட்ச் வைத்த கார். வீட்டில் கிளட்ச் மிதிக்கத் தெரிந்த இன்னொரு கால் என்னுடையதுதான். அதற்கு எழுபத்து மூன்று வயது.

பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார். முன் கதவு இரண்டும் வழக்கம்போலத் திறக்கும், பின் கதவு இரண்டும் அலமாரி மாதிரி எதிர்ப்பக்கம் திறக்கும். உள்ளே உட்காருவதற்கு நான் நான்கு அசைவு செய்ய வேண்டும், எழுந்திருக்க ஏழு. இஞ்சினில் பிஸ்டனே கிடையாது என்று மருமகன் முதலில் சொன்னபோது, அப்படியானால் விற்றவன் எடுத்துக்கொண்டானா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

இந்தப் பொறுப்பை நான் ஏன் ஏற்றேன் என்றால், என் சாவி பணயத்தில் இருந்தது. அதற்கு முந்திய ஒரு வருடத்தில் என்னுடைய சிறிய கார் மூன்று முறை உரசியிருந்தது. வாசல் தூண் ஒரு தடவை, பக்கத்து வீட்டுப் பூச்சட்டி இரண்டு தடவை. இரண்டு தடவையும் அதே பூச்சட்டிதான் என்பதால் அதை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும் என்பது என் வாதம். மகள் அதை ஏற்கவில்லை. வண்டி ஓட்டியது போதும், சாவியைக் கொடுங்கள் என்று நான்கு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தாள்.

"இந்த மூணு மாசம் அவர் காடிய ஒரு குறையும் இல்லாம பாத்துக்கிட்டீங்கன்னா, உங்க சாவியப் பத்தி இனிமே பேசவே மாட்டேன்பா. ஏதாச்சும் ஆச்சுன்னா ரெண்டு சாவியும் என் கைக்கு வந்துடணும்."

எங்கள் தாமான் குடியிருப்பு தஞ்சோங் கிளிங்கிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பஸ் வரும் என்று சொல்வார்கள். நான் மகள் வீட்டுக்கு வந்து ஆறு வருடத்தில் அதை ஒன்பது தடவை பார்த்திருக்கிறேன். கார் இல்லையென்றால் அவள் வேலைக்குப் போய்த் திரும்பும் வரை பத்து மணி நேரம் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். முன்னறைச் சுவரில் எத்தனை ஓடு என்று எனக்கு ஏற்கெனவே தெரியும்.

மருமகன் ஒரு தாளில் ஏழு விதிகள் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டுப் போனார். அவற்றில் மூன்று எனக்குப் பிடிக்கவில்லை. இஞ்சினைப் போட்டால் சூடு முள் பாதிக்கு வரும் வரை அணைக்கக் கூடாது என்றது ஒன்று. பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு தடவையும் எண்ணெய் அளவு பார்க்க வேண்டும், குறைந்திருந்தால் பயப்படக் கூடாது, இந்த இஞ்சின் எண்ணெய் குடிக்கும் என்றது இன்னொன்று. மூன்றாவதுதான் மோசம். வாரத்தில் இரண்டு நாளாவது, நன்றாகச் சூடான பிறகு, நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்று வரை மிதித்து ஓட்ட வேண்டுமாம்.

ஒரு பூஜ்யம் கூடிவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். சும்மா நிற்கும்போதே சுற்று முள் எண்ணூறில் நின்றதால் எழுநூறாக இருக்க முடியாது. ஆகவே இது வாலிப மிடுக்கு என்று முடிவு செய்து, அந்த விதியைப் பென்சிலால் அடித்தேன். அழிரப்பர் போட்டால் அழிந்துவிடும்படி லேசாகத்தான்.

நான் ரப்பர் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன். விடியற்காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் தலை எண்ணுவதில் தொடங்கி, பால் வாளி, மரம், ஏணி, மண்வெட்டி என்று எதையும் எண்ணாமல் விட்டதில்லை. வண்டியை மென்மையாக நடத்தினால் அது நம்மை மென்மையாக நடத்தும் என்பது அந்த முப்பத்தெட்டு வருட அனுபவம். தோட்டத்து லோரியையும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

அதனால் மருமகன் காரையும் அப்படியே வைத்தேன். தினமும் காலை ஏழு மணிக்கு இஞ்சினைப் போட்டு, சரியாக அறுபது எண்ணி அணைத்துவிடுவேன். எட்டரைக்கு வெயில் போர்ட்டிகோவில் ஏறும். மறுபடி போட்டு, பதினொரு அடி பின்னால் எடுத்து, மாமர நிழலில் நிறுத்தி அணைப்பேன். மாலையில் மாமரப் பிசின் விழும் என்று பதினொரு அடி முன்னால். மூன்று நாளுக்கு ஒரு முறை கடை வரைக்கும் போய் வருவேன், ஐந்தாவது கியரில், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில். அப்போது கார் இருமும். முதியவர்கள் இருமுவதில்லையா என்று விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். சாவியைத் திருப்பினால் இஞ்சின் பிடிக்க எத்தனை விநாடி ஆகிறது என்றும் எழுதினேன். முதல் நாள் ஒன்று. பத்தாம் நாள் நான்கு. இருபதாம் நாள் ஒன்பது. எழுதினேனே தவிர, அது என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை. கிராணி வேலையில் அதைக் கேட்பது மேலே இருப்பவர்களின் பொறுப்பு.

எனக்கு இருந்த கவலை வேறு. அந்தக் காருக்குப் பூசை போடவில்லை. மருமகன் அதைக் கைமாறிய வண்டியாக வாங்கி, நேராக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். எண் பலகையைக் கூட்டினால் எட்டு வருகிறது. மேலிருந்து கூட்டினாலும் எட்டு, கீழிருந்து கூட்டினாலும் எட்டு. இப்படி ஒரு காரை என் பொறுப்பில் வைத்துக்கொண்டு எனக்கு உறக்கம் வருமா?

இருபத்திரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. மகள் வேலைக்குப் போனதும் காரைக் குளிப்பாட்டி, நானூறு மீட்டர் தள்ளியிருக்கும் கோயிலுக்குக் கொண்டுபோனேன். சொன்னால் தடுப்பாள் என்பதால் சொல்லவில்லை. பதினான்கு விநாடி சுழன்ற பிறகுதான் அன்று இஞ்சின் பிடித்தது. கோயில் வாசலுக்கு நேரே நிறுத்தி அணைத்தேன். இஞ்சின் ஓடினால் மந்திரம் கேட்காது என்று ஐயர் சொல்லிவிட்டார்.

மாலை, சந்தனம், குங்குமம், சூடம் எல்லாம் ஆயிற்று. நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எலுமிச்சம் பழம் வைத்து, எடுங்க என்றார் ஐயர். பதினாறு விநாடியில் இஞ்சின் பிடித்தது. மூன்றடி நகர்ந்து நிறுத்தி, அணைத்து, ஏழு அசைவில் இறங்கி எண்ணினேன். மூன்று பழம்தான் நசுங்கியிருந்தது. நான்காவது வழுக்கிக்கொண்டு போய் வடிகால் ஓரத்தில் முழுசாக உட்கார்ந்திருந்தது.

மூன்று போதும் என்று ஐயர் சொன்னார். எட்டு வரும் எண் பலகைக்கு மூன்று எப்படிப் போதும்? பின்னால் தள்ளி மறுபடி எடுப்போம் என்றேன். அவரும் நல்லவர், புதுப் பழம் கொண்டுவந்தார். போட்டேன், நகர்த்தினேன், அணைத்தேன். பழம் அந்தப் பக்கம் வழுக்கியது. மூன்றாவது தடவை ஐயர் பழத்தைக் காலால் பிடித்துக்கொண்டார். பழம் நசுங்கியது, கால் தப்பியது. தேங்காய் உடைத்தார். நானும் நிம்மதியாக இஞ்சினை அணைத்து, கைகூப்பி, திருநீறு பூசி, வீட்டுக்குப் போகலாம் என்று சாவியைத் திருப்பினேன்.

இருபது விநாடி, முப்பது, நாற்பது. இஞ்சின் தண்ணீர் கொப்பளிப்பது போலச் சுழன்றதே தவிர, பிடிக்கவில்லை. பெட்ரோல் வாடை சாம்பிராணியை வென்றுவிட்டது.

அன்று பத்தரைக்கு அதே வாசலில் ஒரு கல்யாண மாப்பிள்ளை வந்து இறங்க வேண்டும் என்று ஐயர் அப்போதுதான் சொன்னார். மாப்பிள்ளை நேரத்துக்கு வந்துவிட்டார், மேளத்தோடு. என் கார் மாலை போட்டு, பொட்டு வைத்து வாசலை அடைத்துக்கொண்டிருந்ததால், வந்தவர்கள் அதுதான் மாப்பிள்ளை கார் என்று நினைத்து அதைச் சுற்றி நின்றார்கள். யாரோ என் மேல் பன்னீரும் தெளித்தார்கள்.

விஷயம் தெரிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு பேர் தள்ளினார்கள். நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். மேளக்காரர் ஏனோ நிறுத்தவே இல்லை. காரை ஓரம் கட்டி முடிப்பதற்குள் கெட்டிமேளம் வரைக்கும் அடித்துவிட்டார். இதைக் குறைந்தது ஐந்து பேர் கைப்பேசியில் பிடித்தார்கள். காரைத் தள்ளி வீடு சேர்க்கும் முன்பே காணொளி மகளின் அலுவலகத்தைச் சேர்ந்துவிட்டது.

மாலையில் வந்தவள் கையை நீட்டினாள். என் சிறிய காரின் சாவியை வைத்தேன். மருமகனுக்குத் தொலைபேசியில் சொன்னாள். அவர் மஸ்ஜித் தானாவில் இந்த இஞ்சினைப் பழுது பார்க்கத் தெரிந்த ஒரு போமன் இருக்கிறார், லோரியில் ஏற்றி அவரிடம் அனுப்புங்கள் என்றார். மகள் எனக்கு ஒன்பது நாள் தவணை கொடுத்தாள். மறு ஞாயிறு அவளை உட்கார வைத்து உம்பாய்க்குச் சுட்ட மீன் சாப்பிட ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கார் இடையில் ஒரு தடவை மக்கர் செய்தாலும் சாவி திரும்பாது.

போமனுக்கு ஐம்பது வயது இருக்கும், நம் ஆள்தான். மருத்துவர் மாதிரி கேள்வி கேட்டார். தினம் எத்தனை தடவை போடுவீர்கள், எவ்வளவு நேரம் ஓடும் என்றார். நான் நோட்டை நீட்டினேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நின்றுகொண்டே படித்தார்.

"அங்கள், எத்தனையோ பேரு இந்தக் காடிய கொன்னுருக்கான். இவ்ளோ ஒழுங்கா தேதி போட்டு, டைம் போட்டு யாரும் கொன்னதில்ல லா."

நான் மென்மையாகத்தானே ஓட்டினேன் என்றேன். அதுதான் நோய் என்றார். பக்கத்துக் கடையிலிருந்து ஒரு சமோசாவை வரவழைத்து, ஒரு காலி டப்பாவுக்குள் வைத்துச் சுற்றிக் காட்டினார். இஞ்சினுக்குள் இப்படி ஒரு முக்கோணம்தான் சுழல்கிறதாம். அதன் மூன்று முனையிலும் மெல்லிய உலோகப் பட்டை, சீல் என்று பெயர். பட்டை சுவரை உரசிக்கொண்டே போக வேண்டும், காற்று கசியக் கூடாது. இடையில் ஒரு பூச்சு எண்ணெய் இருந்தால்தான் அது நடக்கும். இஞ்சின் குளிராக இருக்கும்போது நிறையப் பெட்ரோல் குடிக்கும். சூடாகும் முன் அணைத்தால் குடித்த பெட்ரோல் உள்ளேயே தங்கி எண்ணெயைக் கழுவிவிடும். பிறகு எவ்வளவு சுழற்றினாலும் அழுத்தம் இல்லை, நெருப்புப் பிடிக்காது. நான் அதைத் தினம் மூன்று வேளை செய்திருக்கிறேன். கோயிலில் ஒரே காலையில் நான்கு தடவை.

"சரி, மெதுவா ஓட்டினது?" என்று கேட்டேன்.

அதில் புகைக்கரி சேர்ந்து பட்டை ஒட்டிக்கொள்ளுமாம். வேகமாகச் சுழன்றால்தான் கரி எரிந்து வெளியே போகும். இந்த இஞ்சினுக்கு ஓய்வு கொடுப்பதுதான் உபத்திரவம் கொடுப்பது என்று சொல்லிவிட்டு, சமோசாவின் ஒரு முனையைக் கடித்தார். சீல் போச்சு என்றார்.

பிளக் நான்கையும் கழற்றித் துடைத்து மாட்டினார். பெட்ரோல் மிதியைத் தரையோடு அழுத்திக்கொண்டே சாவியைத் திருப்பச் சொன்னார். அப்படிச் செய்தால் இந்தக் காரில் பெட்ரோல் வருவது நின்றுவிடும், உள்ளே இருப்பது வெளியேறும். ஆறாவது தடவை இஞ்சின் வெடித்துப் பிடித்தது. வெள்ளைப் புகையில் பட்டறையே மறைந்தது. எதிரே சாப்பாட்டுக் கடையில் இருந்தவர்கள் தட்டோடு எழுந்து வெளியே வந்தார்கள். புகைக்குள்ளிருந்து போமனின் குரல் மட்டும் கேட்டது.

"தினம் இருபது நிமிஷம். முள்ளு பாதிக்கு வந்தப்புறம் ரெண்டாவது கியர்ல ஏழாயிரம். மருந்து மாதிரி. டோஸ் தப்பக்கூடாது அங்கள்."

வீட்டுக்கு வந்ததும், விதியின் மேல் அடித்திருந்த பென்சில் கோட்டை அழித்தேன். பிறகு கணக்குப் போட்டேன். கியர் விகிதம், டயர் சுற்றளவு எல்லாம் காரோடு வந்த புத்தகத்தில் இருந்தது. இரண்டாவது கியரில் ஏழாயிரம் சுற்று என்றால் மணிக்கு எண்பத்து நான்கு கிலோமீட்டர். மஸ்ஜித் தானா சாலையில் தொண்ணூறு வரை போகலாம் என்று பலகை இருக்கும் நீளம் ஒன்று உண்டு. சட்டம் என் பக்கம் இருந்தது. தைரியம்தான் இல்லை.

முதல் நாள் நாலாயிரத்தில் கால் தானாக எழுந்துவிட்டது. காரணம் சத்தம். தேனீக் கூட்டத்தைத் தகர டப்பாவில் அடைத்தது போல ஒரு சத்தம். இரண்டாம் நாள் ஐயாயிரம். மூன்றாம் நாள் ஐயாயிரத்து இருநூறு, குரங்கு குறுக்கே போனதால். நான்காம் நாள் கண்ணை மூடிக்கொண்டால் தாங்கலாம் என்று தோன்றியது, உடனே அது சரியான யோசனை இல்லை என்றும் தோன்றியது. ஐந்தாம் நாள் முருகனை எண்ணிக்கொண்டு மிதித்தேன். ஆறாயிரம் தாண்டியதும் சத்தம் மாறியது. கூச்சல் அடங்கி, தையல் இயந்திரம் மாதிரி ஒரே சீராக ஓடியது. ஏழாயிரம். பின்னால் கறுப்பாக ஒரு மேகம் வெளியே போனதைக் கண்ணாடியில் பார்த்தேன். எனக்கே வயிறு லேசானது போல இருந்தது.

மறுநாள் உற்சாகத்தில் கொஞ்சம் கூடிவிட்டது. காருக்குள் ஏதோ கீச்சென்று மணியடித்தது. மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டேன், காரிடம்தான். போதும், கியரை மாற்று என்று அது சொல்லும் மணியாம், போமன் பிறகு சொன்னார்.

நோட்டில் விநாடிக் கணக்கு இறங்கியது. ஐந்து, மூன்று, இரண்டு. சனிக்கிழமை ஒன்று. அதை மகளிடம் காட்டினேன். ஞாயிறு பார்ப்போம் என்றாள். சாவியைக் கைப்பையில் போட்டு, பையின் வாயை இழுத்து மூடினாள்.

ஞாயிறு காலை பதினொன்றுக்குக் கிளம்பினோம். நகரத்தைக் கடக்கப் பத்தொன்பது விளக்கு, பதினொன்று சிவப்பு. அவள் இடது கையால் கதவைப் பிடித்திருந்தாள். சூடு முள் பாதியில் நின்றது. உம்பாய் சாலையில் தொண்ணூறு பலகை வந்தது. அன்றைய மருந்தை இங்கேயே கொடுத்தாக வேண்டும். சொல்லாமல் செய்தால் பயப்படுவாள் என்று, இப்போது கொஞ்சம் சத்தம் வரும் என்றேன்.

கொஞ்சம் என்றது என் கணக்குப் பிழை. ஏழாயிரம் தொடும்போது அவள் அம்மா என்றாள். அப்பா பக்கத்தில் இருக்கும்போது.

காலை எடுத்தேன். அப்போதுதான் மரத்தடியில் போலீஸ் மோட்டார் சைக்கிளும், கையைக் காட்டிக்கொண்டு நிற்கும் போலீஸ்காரரும் தெரிந்தார்கள். ஓரம் கட்டினேன். இஞ்சினை மட்டும் அணைக்கவில்லை.

இளவயதுப் போலீஸ்காரர். குனிந்து உள்ளே பார்த்தவர், ஓட்டுபவரைத் தேடுவது போலப் பின் இருக்கையையும் பார்த்தார். மரியாதையாகப் பாச்சிக் என்று அழைத்து, பந்தயமா என்று மலாயில் கேட்டார். எண்பத்து நான்கு என்றேன். அவர் தன் வேகக் கருவியைப் பார்த்தார். எண்பத்து மூன்று என்று இருந்தது. கருவியில் ஒன்று குறைகிறது, சோதிப்பது நல்லது என்றேன். மகள் என் தொடையைக் கிள்ளினாள்.

லைசென்ஸ் பார்த்தார், சாலை வரி பார்த்தார், டயர் நான்கையும் குனிந்து பார்த்தார். சத்தத்துக்குக் காரணம் கேட்டார். நான் சமோசாவிலிருந்து தொடங்கினேன். அவர் அபராதம் எழுதும் சம்மான் புத்தகத்தை இடுப்பில் செருகிவிட்டு, கைகட்டி ஆறு நிமிடம் கேட்டார். முடிவில் குழப்பம்தான் மிஞ்சியது போலிருந்தது. அந்தப் பக்கம் சுற்றிப் போய் மகளிடம் கேட்டார். இது யார் கார், இந்த வயதில் இவரை ஏன் ஓட்ட விட்டிருக்கிறீர்கள், நீங்கள் ஓட்டக் கூடாதா?

நான்கு மாதமாக அவள் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்ததும் அதேதான். இப்போது சீருடை போட்ட ஒருவர் அவள் பக்கம் நின்று கேட்கிறார். தலையை ஆட்டினால் போதும்.

அவள் என்னைப் பார்த்தாள். என் வலது காலைப் பார்த்தாள். பிறகு அவரிடம் மலாயில் நிதானமாகச் சொன்னாள். இது என் கணவரின் கார். எங்கள் வீட்டில் இதை ஓட்டத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். என் கணவரைவிட நன்றாகவே ஓட்டுகிறார்.

போலீஸ்காரர் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். கிளம்பும் முன், முடிந்தால் இன்னொரு முறை அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றார். சட்டத்துக்கு உட்பட்டு நான் மறுக்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் மகள் கைப்பையைத் திறந்து, என் சாவியைக் கியருக்குப் பின்னால் இருந்த குழியில் போட்டாள்.

"ஒண்ணு மட்டும்பா. உங்க காடியிலயும் இனிமே நாப்பதுல போகக்கூடாது. பின்னால லோரி வந்து ஹாரன் அடிக்கும், நீங்க பயந்து ஒதுங்குவீங்க, அப்பதான் எதையாச்சும் உரசுவீங்க. அறுபதுலயாச்சும் போங்க."

அறுபது அதிகம் என்றேன். நாற்பத்தைந்து சொன்னேன். அவள் ஐம்பத்தெட்டு என்றாள். மீன் கடைப் பந்தல் கண்ணில் படும் வரை பேசினோம். ஐம்பத்தைந்தில் முடிந்தது. மழை பெய்தால் ஐம்பது.